எட்டாம் ஆண்டின் பற்றரி

தொலைதூரக் கிராமங்களுக்கான மீள்சக்திச் செலவுக் கணக்குகள் குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் சூரியனாலும் காற்றாலும் மின்சாரம் வழங்கும் திட்டம் பற்றி எம்மவர் மத்தியில் நிறையவே பேசப்பட்டுவிட்டது. 2021 சனவரியில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுடன் இத்திட்டம் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. தனது கரைக்கு இவ்வளவு அருகில் சீன நிறுவனமா என இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. அதே ஆண்டு டிசெம்பரில் திட்டத்தை நிறுத்திவைப்பதாகச் சீனத் தரப்பு அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை ஏற்பட்டது. 2024 மார்ச்சில் பெங்களூரைச் சேர்ந்த ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது.

இக்காலப் பகுதியில் புகலிடத்தில் எழுதப்பட்டவற்றுள் எனது கைக்கு எட்டியவை அனைத்தும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன: சீனாவா, இந்தியாவா? பூகோள அரசியல் முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நெடுந்தீவில் ஒரு வீட்டில் எட்டு ஆண்டுகளின் பின்னரும் விளக்கு எரியுமா என்பதை அந்தக் கேள்வி தீர்மானிக்கப் போவதில்லை. அதைத் தீர்மானிப்பது திட்டத்தின் செலவுக் கணக்கு. அதிலும் குறிப்பாக, அக்கணக்கில் எழுதப்படாமல் விடப்படும் வரிகள். 'தொழில்நுட்பக்காரரின் விடயம்' என்று எமது விமர்சகர்கள் ஒதுக்கிவிட்ட இந்தக் கணக்கு ஓர் அரசியல் பிரதி என்பதும், அதை அவ்வாறே வாசிக்கப் பழகவேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

1. அட்டவணை சொல்வதும் சொல்லாததும்

அறிவிக்கப்பட்ட விபரங்கள் இவை: 1,700 கிலோவாற் சூரிய மின்சாரம், 530 கிலோவாற் காற்று மின்சாரம், 2,400 கிலோவாற் மணி கொள்ளளவுள்ள பற்றரி, 2,500 கிலோவாற் டீசல் ஜெனறேற்றர்கள். இந்திய அரசின் மானியம் ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் டொலர்.

பணத்தைச் சூரியனும் காற்றும் சேர்ந்த 2,230 கிலோவாற்றால் பிரித்தால் ஒரு கிலோவாற்றுக்கு ஏறத்தாழ 4,900 டொலர் வருகிறது. இதை வைத்துக்கொண்டு 'கொள்ளை' என்று எழுதுவது இலகு. ஆனால் அந்தத் தொகைக்குள் பற்றரியும் டீசல் இயந்திரங்களும் கடல்வழிப் போக்குவரத்தும் அடங்கியிருக்குமாயின் இந்த எண் எதையும் நிரூபிக்காது. மக்கள் பாவிப்பது கிலோவாற்றை அல்ல, யூனிற்றை. ஆகவே கேட்கவேண்டியது ஒரு யூனிற் என்ன விலைக்கு முடிகிறது என்பதே.

யாழ்ப்பாணக் குடாவின் வெயிலில் ஒரு கிலோவாற் சோலார் பனல் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிற் தரும் என்று வைத்துக்கொள்வோம். 1,700 கிலோவாற்றுக்கு 6,800 யூனிற். அதில் பெரும்பகுதி முற்பகல் ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில் வந்து சேரும். பற்றரியோ அதில் மூன்றிலொரு பங்களவைத்தான் தாங்கும். மிகுதியை அந்த நேரத்திலேயே பாவிக்கவேண்டும். இல்லையேல் அது வீண். மத்தியானத்தில் ஓர் ஐஸ் தொழிற்சாலை ஓடினால், உவர்நீரை நன்னீராக்கும் இயந்திரம் ஓடினால், ஒரு வெல்டிங் பட்டறை இயங்கினால் யூனிற்றின் விலை இறங்கும். மாலை ஆறு மணிக்குப் பிறகு எரியும் விளக்கும் தொலைக்காட்சியும் மாத்திரம்தான் பாவனை என்றால், அதே இயந்திரங்கள், அதே வெயில், ஆனால் யூனிற்றின் விலை ஏறும்.

இங்கே பொறியியல் முடிந்து சமூகம் தொடங்குகிறது. அந்தத் தீவில் மக்கள் என்ன தொழில் செய்கிறார்கள், என்ன செய்ய விரும்புகிறார்கள் என்று யார் யாரிடம் கேட்டார்கள்? திட்டமிடுபவர்கள் 'தேவை' என்று எடுத்துக்கொள்வது பெரும்பாலும் நேற்றைய பாவனையை. நேற்றைய பாவனை என்பது குறிகட்டுவானில் இருந்து படகில் டீசல் ஏற்றி ஓட்டிய ஜெனறேற்றரின் எல்லைகளுக்குள் ஒடுங்கிய பாவனை. அதை இருபது ஆண்டுகளுக்கு நீட்டிப் பெருக்கினால், இல்லாமையையே திட்டமிட்டதாகும். மீனவன் ஐஸ் கேட்பான். தண்ணீருக்கு அலையும் பெண் பம்பியும் குழாயும் கேட்பாள். வீட்டுக்கு வீடு போய் மின்குமிழ்களை எண்ணும் படிவத்தில் இவற்றுக்கு இடமில்லை.

இன்னொரு வரியையும் கவனியுங்கள். டீசலின் 2,500 கிலோவாற், சூரியனையும் காற்றையும் சேர்த்தாலும் வரும் 2,230-ஐ விட அதிகம். பொறியியலாளர் இதற்கு நியாயம் சொல்வார்; அது நேர்மையான நியாயமும்கூட. சோளகம் ஓய்ந்து, வாடை இன்னும் பிடிக்காத ஐப்பசியில் காற்றும் படுத்து வானமும் மூடிக்கிடக்கும் நாட்கள் வரும். அன்றைக்கு வைத்தியசாலையை இருட்டில் விடமுடியாது. ஆனால் முழுக் கொள்ளளவுக்கும் டீசலைக் காவல் வைப்பது ஒரு தெரிவு மட்டுமே. கெட்ட நாட்களில் எது ஓடவேண்டும், எது நிற்கலாம் என்று ஊரே கூடி முன்கூட்டி உடன்படுவது இன்னொரு தெரிவு. முதலாவதற்கு இயந்திரம் வேண்டும். இரண்டாவதற்கு ஊரை நம்பவேண்டும்.

2. கழிவு வீதத்தின் அரசியல்

இவ்வகைத் திட்டங்களைக் கணிக்க உலகெங்கும் அதிகம் பாவிக்கப்படும் கணினி நிரல் 'ஹோமர்'. 1990களில் அமெரிக்காவின் தேசிய மீள்சக்தி ஆய்வுகூடத்தில் உருவாகிப் பின்னர் வர்த்தகப் பண்டமானது. வெயில், காற்று, பாவனை, விலைகள் ஆகியவற்றைக் கொடுத்தால் ஆயிரக்கணக்கான சேர்மானங்களைப் போட்டுப் பார்த்து மலிவானதை மேலே வைக்கும். பயனுள்ள கருவிதான். எனது விமர்சனம் அதன் மீதல்ல. அதனுள் இடப்படும் ஓர் எண்ணின் மீது.

எதிர்காலத்தில் செலவழிக்கப்போகும் பணத்தை இன்றைய பெறுமதிக்குக் குறைப்பதற்கு ஒரு கழிவு வீதம் பயன்படுகிறது. பத்து வீதக் கழிவில், இருபது ஆண்டுகளின் பின் செலவாகும் 100 ரூபா இன்றைய கணக்கில் 15 ரூபா. ஐந்து வீதத்தில் அது 38 ரூபா. இது எதைச் செய்கிறது என்று பார்க்க ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. விகிதத்தைப் பார்த்தால் போதும்.

ஒரு கிராமத்துக்கு இரண்டு வழிகள். சூரிய வழியில் முதல்நாள் செலவு 90. எட்டாம் ஆண்டிலும் பதினாறாம் ஆண்டிலும் பற்றரி மாற்ற 20 வீதம். ஆண்டுதோறும் பராமரிப்பு 1. டீசல் வழியில் முதல்நாள் செலவு 20. ஆண்டுதோறும் எரிபொருளும் பராமரிப்பும் சேர்த்து 10. இருபது ஆண்டுகளுக்கு ஐந்து வீதக் கழிவில் கூட்டினால் சூரியனுக்கு 125, டீசலுக்கு 145. சூரியன் வெல்கிறது. அதே கணக்கைப் பத்து வீதத்தில் கூட்டினால் சூரியனுக்கு 112, டீசலுக்கு 105. டீசல் வெல்கிறது. வெயில் மாறவில்லை, ஊர் மாறவில்லை. கொழும்பிலோ மணிலாவிலோ ஒரு மேசையில் ஒரு எண் மாறியது.

இதில் டீசலின் விலை இருபது ஆண்டுகளும் ஒரேயளவில் நிற்கும் என்று வேறு எடுத்துக்கொண்டோம். இலங்கையில் 2022 சனவரியில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபா. அதே ஆண்டு யூன் இறுதியில் 460 ரூபா. அதுவும் வரிசையில் நின்றால் கிடைத்த டீசல். எந்தக் கழிவு வீதத்துக்குள்ளும் அந்த ஆறு மாதங்கள் அடங்கவில்லை.

உயர்ந்த கழிவு வீதம் இன்னொரு காரியத்தையும் செய்கிறது. இதைச் சூரியசக்தி ஆதரவாளர்களும் பேசுவதில்லை. அது எட்டாம் ஆண்டின் பற்றரியைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. பத்து வீதக் கழிவில் அந்த 20, இன்றைய கணக்கில் 9 ஆகிவிடுகிறது. கடதாசியில் 9 எனப் பார்த்தவர்கள், எட்டாம் ஆண்டில் 20-ஐக் கேட்டு விலைச்சிட்டை வரும்போது திகைக்கிறார்கள். கழிவு வீதம் என்பது, இன்று ஒதுக்கும் பணம் எங்கோ அந்த வீதத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் என்ற அனுமானம். யாரும் எதையும் ஒதுக்கவில்லை என்றால் வளர்வதற்கும் எதுவுமில்லை.

3. பின்னால் வரும் செலவுகள்

பற்றரி: நூறு வீடுகள் உள்ள ஓர் ஊரில் 40 இலட்சம் ரூபா பெறுமதியான பற்றரி எட்டு ஆண்டுகள் உழைக்கும் என்றால், அதை மாற்றுவதற்கு மாத்திரம் வீடொன்றுக்கு மாதம் 417 ரூபா சேரவேண்டும். இது மின்கட்டணம் அல்ல, அதற்கு மேலதிகம். இதைச் சொல்லாமல் 'சூரியன் இலவசம்' என்று திறப்புவிழாவில் பேசுவது மக்களை ஏமாற்றுவதாகும். அவ்வாறு சேர்ந்தாலும் அது ரூபாவில் சேரும்; பற்றரியும் இன்வேட்டரும் டொலரில் வரும். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் 360 ரூபா. ஏழு ஆண்டுகள் ஒழுங்காகச் சேமித்த ஒரு சங்கத்தின் சேமிப்பில் ஏறக்குறைய பாதி அந்த மூன்று மாதங்களில் கரைந்திருக்கும்.

ஆள்: கடலோரத்தில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும், பூட்டாணிகளும் கம்பி முனைகளும் துருப்பிடிக்கும். இதைக் கவனிக்க ஊரிலேயே ஓர் ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். திட்ட ஆவணங்கள் இந்த இடத்தில் 'சமூகப் பங்கேற்பு' என்று எழுதும். அதாவது ஓர் இளைஞனின் சம்பளமற்ற உழைப்பு. அந்த இளைஞன் கொழும்புக்கோ கட்டாருக்கோ போன நாளிலிருந்து இயந்திரத்தின் முடிவு தொடங்கும்.

தேசிய மின்கம்பி: மூன்றாவது செலவு அரசிடமிருந்து வருவது. 1997இலிருந்து 2011 வரை உலக வங்கியின் இரு திட்டங்களின் கீழ் இலங்கைக் கிராமங்களில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு சோலார் பனல்கள் தவணைக் கடனில் கொடுக்கப்பட்டன. 'வெற்றிக்கதை' என உலகெங்கும் எடுத்துக்காட்டப்பட்டது. பிறகு அரசு தேசிய மின்கம்பியை வேகமாக விரித்தது. மின்கம்பி வந்த ஊரில் பனலுக்கான தவணையை யார் கட்டுவார்? கடன் கொடுத்த சிறுகடன் நிறுவனங்கள் அடிவாங்கின, பனல்கள் கைவிடப்பட்டன. பீகாரில் தர்னாய் என்னும் கிராமத்தில் 2014இல் கிரீன்பீஸ் அமைப்பு 100 கிலோவாற் சூரிய மின்நிலையம் ஒன்றை அமைத்தது. திறப்புவிழாவுக்கு வந்த முன்னாள் முதலமைச்சரிடம் ஊரவர்கள் 'உண்மையான' மின்சாரம் வேண்டும் என்று கேட்டார்கள். விரைவில் மலிவான அரச மின்சாரம் வந்தது. சில ஆண்டுகளில் பற்றரிகள் ஓய்ந்தன; நிலையம் மாட்டுக்கொட்டிலானது என்று பின்னர் செய்திகள் வந்தன.

தர்னாய் மக்களை விபரமறியாதவர்கள் என்று பேசுவோர் உண்டு. எனக்கு அவர்களது கோரிக்கை முற்றிலும் நியாயமாகவே படுகிறது. பட்டினத்தானுக்குக் குளிர்சாதனப் பெட்டி ஓடும் மின்சாரமும், நாட்டுப்புறத்தானுக்கு இரண்டு மின்குமிழும் என்ற பிரிவினையை அவர்கள் ஒரு சொல்லில் மறுத்தார்கள். மாற்றுச்சக்தி ஏழைகளுக்கான இரண்டாந்தர மின்சாரமாக வரும்வரை அது தோற்கத்தான் செய்யும்.

4. எக் தீவின் உதாரணம்

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் எக் என்றொரு சிறு தீவு. ஏறத்தாழ நூறு பேர் வாழ்கிறார்கள். நிலப்பிரபுக்களிடம் கைமாறிக் கைமாறிக் கிடந்த தீவை 1997இல் மக்களே ஒரு நம்பிக்கை நிதியத்தின் ஊடாக வாங்கினார்கள். அதுவரை வீட்டுக்கு வீடு டீசல் ஜெனறேற்றர். 2008 பெப்ரவரியில் நீர், காற்று, சூரியன் மூன்றையும் இணைத்த சொந்த மின்வலையை இயக்கத் தொடங்கினார்கள். மூன்று நீர்மின் பொறிகள் சேர்ந்து 110 கிலோவாற். 6 கிலோவாற் காற்றாலைகள் நான்கு. சூரியத் தகடுகள் பின்னர் 50 கிலோவாற்றுக்கு உயர்த்தப்பட்டன. செலவு ஏறத்தாழ 16 இலட்சம் பவுண்.

எக்கைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாகக் காற்றாலைகளின் படத்தைப் போடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு விதி. எந்த வீடும் ஒரே நேரத்தில் 5 கிலோவாற்றுக்கு மேல் எடுக்கமுடியாது. வியாபார நிலையம் 10 கிலோவாற்றுக்கு மேல் எடுக்கமுடியாது. மீறினால் இணைப்புத் துண்டிக்கப்படும். இந்த விதி எல்லோருக்கும் ஒன்று. இது ஒரு செலவுக் கருவி. உச்சநேரச் சுமை கட்டுப்பட்டதால் இயந்திரங்கள் சிறிதாயின. இயந்திரங்கள் சிறிதானதால் மாற்றும் செலவும் சிறிதானது. மின்சாரம் உபரியாகும் நாட்களில் பொது மண்டபங்களைச் சூடாக்குகிறார்கள். பராமரிப்பவர்கள் தீவிலேயே பயிற்றப்பட்டவர்கள்.

எக்கை நெடுந்தீவுக்குப் பிரதிபண்ணலாம் என்று நான் சொல்லவில்லை. அங்கும் முதற்செலவின் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்த மானியம்தான். அங்கே மழை கொட்டும் மலை இருக்கிறது, நெடுந்தீவில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே நிலம் மக்களுடையது. போரும் இடப்பெயர்வும் கண்ட எமது தீவுகளில் யார் எதைத் தீர்மானிப்பது என்பது இன்னும் தீராத பிரச்சினை. ஆயினும் ஓர் ஒப்பீடு செல்லும். எக்கில் விதியைச் செய்தவர்களே அதற்குக் கட்டுப்படுபவர்கள். அதனால்தான் 5 கிலோவாற் என்ற கட்டுப்பாட்டை அவர்கள் அவமானமாகக் கொள்ளவில்லை. அதே எண்ணை மேலிருந்து ஓர் அதிகாரி அறிவித்தால் அது தர்னாயின் இரண்டாந்தர மின்சாரமாகிவிடும்.

5. எமது பங்கு

இடதுசாரி நண்பர்கள் இந்த இடத்தில் என்னை மறிப்பார்கள் என்பது தெரியும். 'மக்கள் மாதம் 417 ரூபா சேர்க்கவேண்டும் என்று கணக்குப் போடுவது உலக வங்கியின் குரல் அல்லவா? மின்சாரம் அரசின் கடமை அல்லவா?' கடமைதான். இலங்கையில் மின்கட்டண அட்டவணை நாடு முழுவதற்கும் ஒன்று. படகில் டீசல் போகும் தீவுக்கும் கொழும்புக்கும் ஒரே விலை. அந்தக் கொள்கையை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். ஆனால் மானியம் என்பது ஆண்டுதோறும் வரவு செலவில் எழுதப்படும் ஒரு வரியாக இருக்கவேண்டும். எழுதப்படாத மானியம், அடுத்த நெருக்கடியில் முதலில் வெட்டப்படும். யார் கொடுப்பது என்பதில் நாம் வேறுபடலாம்; கொடுக்கவேண்டிய தொகையை மறைப்பதில் எந்த முற்போக்கும் இல்லை.

எமது ஊர்ச்சங்கங்களும் இதே நோயில்தான் இருக்கின்றன. பள்ளிக்கூடத்துக்குச் சோலார், வாசிகசாலைக்குச் சோலார், சந்திக்கு ஒரு சூரியத் தெருவிளக்கு. கீழே கொடுத்தவர் பெயர் பொறித்த கல். ஒரு சங்கக் கூட்டத்தில், பற்றரி மாற்றுவதற்கு ஐந்திலொரு பங்கை ஒதுக்கிவைப்போமா என்று கேட்டேன். ஒரு பெரியவர் அன்பாகத்தான் சொன்னார்: "தம்பி, குடுக்கிறது எங்கட கடமை. பிறகு அதை அவையள் பாத்துக்கொள்ளுவினம்." இந்தியாவும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் இதையேதான் நாகரிகமான மொழியில் சொல்கின்றன. கொடுப்பவருக்கு முதல்நாள் வேண்டும். முதல்நாளில் புகைப்படம் இருக்கிறது.

சொல்லப்போனால், முதல்நாள் பணத்துக்கு எம்மைவிடப் பெரிய கொடையாளிகள் இருக்கிறார்கள். எட்டாம் ஆண்டுக்குத்தான் ஒருவருமில்லை. நாம் உழைப்பது பவுணில், யூரோவில், கனடா டொலரில். மூன்று மாதத்தில் பாதியாகாத பணம் எம்மிடம் இருக்கிறது. பற்றரி விற்பவன் கேட்பதும் அந்தப் பணத்தைத்தான். ஒரு ஊர்ச்சங்கம் புதிதாகப் பத்து விளக்குகள் நடுவதை விட்டு, ஏற்கெனவே இருப்பவற்றின் மாற்றுச் செலவுக்கென வெளிநாட்டு நாணயத்தில் ஒரு தொகையை வைத்திருந்து, ஊரிலுள்ள பராமரிப்பாளருக்கு மாதச் சம்பளமும் அனுப்பினால் அது எந்த அரசும் செய்யாத வேலை. அதற்கு நிபந்தனை ஒன்று: எதை ஓட்டுவது, எதை நிறுத்துவது, என்ன கட்டணம் என்பதை ஊரவர் தீர்மானிக்கவேண்டும். பணம் எங்களுடையது என்பதால் ரொறன்ரோவில் இருந்து தீர்மானம் போகக்கூடாது. எமது சங்கங்களின் சாதி, பிரதேச, கோவில் பிணக்குகளை அறிந்தவர்களுக்கு இந்த நிபந்தனை பற்றரியைவிடக் கடினமானது என்பது விளங்கும்.

அந்த மூன்று தீவுகளின் திட்டத்தைப் பற்றி அடுத்தமுறை எழுதுபவர்கள் கொடி எது என்று கேட்பதோடு நில்லாமல் பின்வருவனவற்றையும் கேட்கவேண்டும் என்பது எனது வேண்டுகோள். என்ன கழிவு வீதத்தில் கணித்தார்கள்? பற்றரி எந்த ஆண்டில் மாற்றப்படும், அதற்கான பணம் எந்த நாணயத்தில் எங்கே இருக்கிறது? பராமரிப்பவர் தீவில் வசிக்கிறாரா, அவருடைய சம்பளம் எந்தத் தலைப்பில் வருகிறது? மத்தியான வெயிலில் வரும் உபரி மின்சாரத்தை யார் பாவிப்பது? ஐப்பசி இருளில் எது அணையும், அதை யார் முடிவுசெய்தார்கள்? இவற்றுக்கான விடைகள் மின்சாரத்துக்குப் பொறுப்பான அரச நிறுவனங்களிடமும் நிதி வழங்கியவர்களிடமும் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டியவை. கேட்க விரும்பும் தீவுப்பகுதி நண்பர்கள் யாராயினும் இப்பக்கங்களில் தொடர்ந்து எழுதினால் விவாதம் பயனுள்ளதாக அமையும்.